நாற்பது வயதுப் பெண் உங்களிடம் வருகிறார்

இளவரசி கண் விழித்தபோது பாயில் அவள் படுத்திருந்த பாதி காய்ந்திருந்தது. மறுபாதி நனைந்திருந்தது.

மேல்தளம் ஒழுகியிருக்கும் என்று படுத்தபடியே அண்ணாந்து பார்த்தாள். சுண்ணாம்பு உரிந்த கட்டைகளுக்கு நடுவே ஈரக்கறை ஏதும் இல்லை. பின்கதவுக்கு அடியில் தண்ணீர் வந்திருக்குமோ என்று தரையைத் தடவினாள். தரை காய்ந்துதான் கிடந்தது. பாயில் மட்டும், அதிலும் சுவரை ஒட்டிய பாதியில் மட்டும், ஓர் ஆள் ஒருக்களித்துப் படுக்கிற அளவுக்கு ஈரம். கையை வைத்ததும் ஜில்லென்றது. மோந்து பார்த்தாள். நடவு வயலின் சேற்று வாடையும், அதற்குள்ளே கொஞ்சம் தேங்காய் எண்ணெய் வாடையும். மழைக்காலத்தில் பழைய வீடு என்றால் எல்லா வாடையும்தான் வரும். காலங்காத்தாலே இதையெல்லாம் ஆராய்ச்சி பண்ண யாருக்குத் தெம்பு இருக்கிறது? பாயைச் சுருட்டித் தூக்கினாள். நேற்று விரித்தபோது இருந்ததைவிடக் கனத்தது. ஈரம் ஊறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மூலையில் சாத்தி வைத்தாள்.

வயிறு வேறு பிசைந்தது. நேற்று பஸ் ஸ்டாண்டு கடையில் தின்ற முட்டைப் பரோட்டா அதன் வேலையைக் காட்டுகிறது.

சிதம்பரம் மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருந்த பழைய வீட்டின் பின்கட்டு அது. மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர்கள் ஒரு கல்யாணத்துக்குத் திருச்சி போயிருந்தார்கள். ஐப்பசி மழை மூன்று நாளாக விடவில்லை. நேற்று சாயங்காலம் புதுச்சத்திரம் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஏறி கடலூர் பஸ்கள் நின்றுபோயின. திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் வீட்டுக்குப் போக வழியில்லாமல் இளவரசி ஆபீசிலேயே தங்கிவிட்டாள். ஆபீஸ் என்றால் பிரமாதமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மேசை, இரண்டு கம்ப்யூட்டர், கரண்டு போனால் தாங்குவதற்கு ஒரு இன்வெர்ட்டர், வாசல் பக்கம் யாராவது வந்தால் உட்கார ஒரு மர பெஞ்சு. இந்த மூன்று மாதத்தில் அந்த பெஞ்சில் யாரும் வந்து உட்கார்ந்ததில்லை.

அங்கே நடந்த வேலை, பரீட்சை வைப்பது. எழுதுவது மனிதர்கள் இல்லை. எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் சாட்பாட் ஒன்று. டாக்டர் லைசென்சுக்கான தேர்வை அதன் முன்னால் வைத்தால் எத்தனை மார்க் எடுக்கிறது, தமிழில் வைத்தால் எத்தனை குறைகிறது, எங்கே தடுக்கி விழுகிறது என்று பார்த்து பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு எழுதி அனுப்ப வேண்டும். முதல் நாள் முந்நூறு கேள்வி கொண்ட பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு நிமிஷத்தில் இருநூற்று எண்பத்தொன்று எடுத்தது.

“டீ இன்னும் ஆறல டாக்டரம்மா, அதுக்குள்ள முடிச்சிருச்சு” என்றார் செந்தமிழ்செல்வன். ஆபீசை நடத்துகிறவர் அவர்தான். காலேஜில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்து, அதை விட்டுவிட்டு இதில் இறங்கியவர். நல்ல மனுஷர். பெற்ற பிள்ளை பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்ததுபோல் அன்றைக்கு ஜாங்கிரி வாங்கி வந்தார்.

இளவரசிக்கு அந்த ஜாங்கிரி தொண்டையில் இறங்கவில்லை. அதே தேர்வை அவள் ஐந்து தடவை எழுதியவள். கிர்கிஸ்தானில் ஆறு வருஷம் படித்துவிட்டு வந்து, நான்கு தடவை கோட்டை விட்டு, போன ஜூனில்தான் தேறினாள். பாஸ் மார்க் நூற்றைம்பது. அவள் எடுத்ததும் நூற்றைம்பது. அடுத்த மாதம் கடலூரில் பயிற்சி டாக்டராகச் சேர வேண்டும். அதுவரை இந்த வேலை.

பழைய கேள்விகளை அது எங்கேயாவது படித்து மனப்பாடம் பண்ணியிருக்கும் என்று கம்பெனிக்குச் சந்தேகம். அதனால் எங்கேயும் வராத கேள்விகள் வேண்டும், அதுவும் நம்ம ஊர் நோயாளி பேசுகிற பேச்சிலேயே வேண்டும் என்றார்கள். அவற்றை எழுதுவதுதான் இளவரசியின் பொறுப்பு. அந்தக் கேள்விகளுக்கென்று ஒரு வார்ப்பு உண்டு. ‘இத்தனை வயதுப் பெண் உங்களிடம் வருகிறார்’ என்று ஆரம்பித்து, ‘அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது என்ன?’ என்று முடியும். கீழே நான்கு விடைகள். வந்தார் என்று எழுதுவதில்லை. எப்போதும் வருகிறார்தான். செத்துப்போனவர்களைப் பற்றி எழுதினாலும் வருகிறார்தான்.

கொல்லைக் குழாயடியில் பல் தேய்க்கும்போது, தூணில் மாட்டியிருந்த ரசம் போன கண்ணாடியில் இடது கண்ணிமை வலதைவிடக் கொஞ்சம் கீழே இருப்பதுபோல் தெரிந்தது. தண்ணீரை அடித்துக் கழுவிப் பார்த்தாள். அப்படியேதான் இருந்தது. தூக்கம் போதவில்லை, வேறென்ன.

எட்டு மணிக்கு அம்மா சௌந்தரம் போன் பண்ணினாள்.

“சாப்டியாடி?”

“வயிறு சரியில்லம்மா. பரோட்டா ஒத்துக்கல.”

“என்னா மூக்கால பேசுற?”

“சளி புடிச்சிருக்கும். மழையில நனஞ்சேன்.”

“புது எடம், ராவெல்லாம் முழிச்சிருப்ப. செத்த நேரம் படுத்துத் தூங்கு. வேலை எங்கயும் ஓடிடப் போவல.”

அதை வைத்ததும் செந்தமிழ்செல்வன். “தெருவுல முழங்கால் தண்ணி, டாக்டரம்மா. வண்டி எடுக்க முடியல. பன்னெண்டு மணிக்குள்ள சாப்பாட்டோட வந்துடுறேன். சாயங்காலத்துக்குள்ள பத்து கேள்வி போயாவணும்.”

“வாங்க சார். நான் ஆரம்பிக்கிறேன்.”

டாக்டரம்மா. அவர் அதைக் கேலியாகத்தான் சொல்வார். ஆனால் இளவரசியால் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ள முடிந்ததில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இன்னொரு வாய் அவளை அப்படிக் கூப்பிட்டிருந்தது.

அப்போது அவள் மூன்றாவது தடவை தோற்றிருந்தாள். லைசென்ஸ் கிடையாது. ஆனாலும் கடலூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ராத்திரி டியூட்டி டாக்டராக உட்கார்ந்திருந்தாள். பெரிய டாக்டர் வீட்டில் தூங்குவார். கேஸ் ஷீட்டில் அவர் பேர் இருக்கும். பார்ப்பது இவள். இதேபோல ஓர் ஐப்பசிக் காலை, ஆறரை மணி, டியூட்டி முடிய அரைமணி நேரம் இருக்கையில், திருவதிகைப் பக்கத்திலிருந்து மங்கலம் என்ற பெண்ணை அவள் புருஷன் ஆட்டோவில் கூட்டிவந்தான். நடவு வேலைக்குப் போகிறவள். நாற்பது வயது. சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

“வயித்த வலிக்குதுன்னு விடிய விடிய தூங்கல, டாக்டரம்மா. இப்ப மூக்கால வேற பேசுறா.”

மங்கலம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “கண்ணு சொக்குது.”

இளவரசி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. விடிய விடியத் தூங்காதவளுக்குக் கண் சொக்கத்தானே செய்யும்? வாயுத் தொல்லைக்குப் போடுகிற கேஸ் ஊசி ஒன்று எழுதிக் கொடுத்தாள். நர்ஸ் அதைப் போட்டு மங்கலத்தைப் பெஞ்சில் உட்காரவைத்தாள். அவள் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, இறங்கிய இமைகளின் இடுக்கு வழியாக இளவரசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த இடுக்கும் மூடிக்கொண்டது. படுக்கவைத்தார்கள். புருஷன் உலுக்கிப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். “தூங்கட்டும், எழுப்ப வேண்டாம்” என்றாள் இளவரசி. சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பெஞ்சைத் தாண்டும்போது மங்கலத்தின் மூடிய கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் காதோரம் இறங்குவதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் போனாள்.

பதினொரு மணிக்கு மூச்சு நின்றது. மறுநாள் வீட்டில் பாயை எடுத்தபோது அதற்குள் கட்டுவிரியன் சுருண்டிருந்ததாம். தரையில் தூங்குகிறவர்களை அது கடிக்கும். கடித்தது தெரியாது, பல் பட்ட தடமும் பெரும்பாலும் இருக்காது. முதலில் வயிறு வலிக்கும். பிறகு இமை இறங்கும், குரல் மூக்கால் வரும், எச்சில் விழுங்க முடியாது, கை கால் விழும், கடைசியில் மூச்சு. அதுவரைக்கும் காது கேட்கும். பக்கத்தில் நின்று பேசுவதெல்லாம் கேட்கும், பதில் சொல்லத்தான் முடியாது. இதைப் புத்தகத்தில் இளவரசி பத்துத் தடவையாவது படித்திருந்தாள். போன ஜூன் தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது. சரியாக எழுதினாள். அந்த ஒரு மார்க் இல்லையென்றால் நூற்று நாற்பத்தொன்பது. மங்கலம் போட்ட மார்க்கில்தான் அவள் டாக்டர்.

இளவரசியின் பேர் எந்தக் காகிதத்திலும் இல்லை. யாரும் அவளைக் கேட்கவில்லை. அதுதான் அவளை அரித்தது. யார் அந்த நாற்காலியில் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று ஒரே ஒரு வாய் சொல்லிவிட்டால் போதும், அடுத்த மாதம் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக நோயாளி முன்னால் நிற்கலாம். அதை யாரிடம் கேட்பது? அம்மாவிடமா? முந்நூற்றுக்கு இருநூற்று எண்பத்தொன்று எடுக்கிறவன் ஒருவன் மூன்று மாதமாக எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இன்றைக்கு வீட்டில் ஆள் அரவம் இல்லை. கேட்டுவிடுவது என்று கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

‘நாற்பது வயதுப் பெண் உங்களிடம் வருகிறார். நேற்று இரவு தரையில் பாய் விரித்துத் தூங்கியவர். விடியற்காலையிலிருந்து வயிற்று வலி. மூக்கால் பேசுகிறார். இரண்டு கண்ணிமைகளும் இறங்கியிருக்கின்றன. கடித்த தடம் எதுவும் இல்லை. அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது என்ன?’

நான்கு விடைகளை அடித்தாள். ‘அ’ ஸ்கேன். ‘ஆ’ கேஸ் ஊசி போட்டுத் தூங்கவிடுவது. ‘இ’ பாம்பு விஷமுறிவு மருந்து. ‘ஈ’ மனநல டாக்டரிடம் அனுப்புவது. அடிக்கும்போதே வயிறு முறுக்கிக்கொண்டு வந்தது. பயம் வந்தால் அவளுக்கு எப்போதும் வயிற்றில்தான் தெரியும்.

என்டர் பட்டனை அழுத்திய அதே நொடியில் வாசல் இரும்புக் கேட்டின் கொண்டி விழும் சத்தம் கேட்டது.

“செல்வன் சாரா?”

மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. திரையில் பதில் வந்திருந்தது. ‘சரியான விடை: இ. இது கட்டுவிரியன் கடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.’

ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை அது. இளவரசிக்குக் கோபம் வந்தது. இமை இறங்கியிருக்கிறது என்று கேள்வியிலேயே எழுதிக் கொடுத்தால் யார்தான் சொல்லமாட்டார்கள்? அன்றைக்கு யாரும் அவளுக்கு அப்படி எழுதிக் கொடுக்கவில்லையே. எழுந்து போய்ப் பார்த்திருந்தால்தானே இமை இறங்கியது தெரியும். உட்கார்ந்த இடத்தில் காதில் விழுந்தது இரண்டே வார்த்தை. அதையே போடுவோம் என்று, மற்றதை அப்படியே விட்டு, இமை இருந்த வரியை மட்டும் அழித்துவிட்டு மறுபடி அடித்தாள்.

‘நாற்பது வயதுப் பெண் உங்களிடம் வருகிறார். கண்ணு சொக்குது என்கிறார்.’

வாசல் பக்கத்து பெஞ்சு கிறீச்சென்றது. அதில் ஓர் ஆள் உட்காரும்போது மட்டும் வரக்கூடிய சத்தம் அது. பிறகு மூச்சு. மூக்கடைத்தவர்கள் விடுவதுபோல் ஈரமாக, இழுத்து இழுத்து ஒரு மூச்சு. இளவரசி எழுந்து கதவுவரை போனாள். கால் கொஞ்சம் தடுமாறியது. பெஞ்சில் யாரும் இல்லை. பலகையின் நடுவில் மட்டும் ஒருவர் உட்கார்ந்து எழுந்த அகலத்துக்கு நனைந்திருந்தது. அதன் விளிம்பிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. சாரல் இவ்வளவு தூரம் உள்ளே வராது. வரும் என்று சொல்லிக்கொண்டு திரும்பினாள்.

திரையில் பதில் இல்லை, கேள்விதான் இருந்தது. ‘கண் சொக்குகிறது என்று அவர் சொல்வது தூக்கமா, இமை தானாக இறங்குவதா என்று தெரியவில்லை. இமையைத் தூக்கிப் பார்த்தீர்களா?’

அவள் வேகமாக அடித்தாள். ‘நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு.’

‘தரையில் தூங்கியவர், மூக்கால் பேசுகிறார் என்பதால்: இ. ஆனால் இமையைத் தூக்கிப் பார்த்தீர்களா?’

சரி. தரையை எடுத்துவிடுவோம். பாயை எடுத்துவிடுவோம். மூக்கால் பேசுவதை எடுத்துவிடுவோம். அவள் எடுத்துக்கொண்டே போனாள். திரையில் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கண்ணைக் கசக்கிக்கொண்டாள். தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்துப் பார்த்தால்தான் வரி தெரிந்தது. அப்படியே அடித்தாள்.

‘நாற்பது வயதுப் பெண் உங்களிடம் வருகிறார்.’

மெட்டிச் சத்தம். அறைக்குள்.

நின்று, பிறகு ஓர் அடி. நின்று, பிறகு ஓர் அடி. சேற்று வாடை நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. தேங்காய் எண்ணெய். நனைந்த சேலை பிழியாமல் சொட்டுகிற சத்தம். இளவரசி திரும்பவில்லை. திரும்பாமலே மீதியை அடித்தாள். ‘வயிற்று வலி. இரவு தூங்கவில்லை. தூக்கம் வருகிறது என்கிறார்.’ அவ்வளவுதான். என்டர்.

‘சரியான விடை: ஆ. இவருக்கு ஓய்வு தேவை. தூங்கட்டும், எழுப்ப வேண்டாம்.’

அவள் சொன்ன அதே வார்த்தைகள். ஓர் எழுத்து மாறவில்லை.

பின்னால் இருந்த மூச்சு நின்றுவிட்டது. வாடையும் போய்விட்டது. மழை பெய்வது மறுபடி கேட்டது. பதிலுக்குப் பக்கத்தில் ‘சரி’ என்ற கட்டத்தில் டிக் அடித்து, விடைக்குறிப்பிலும் ‘ஆ’ என்று போட்டுச் சேமித்தாள். மூன்று வருஷத்துப் பாரம் இறங்கிவிட்டதுபோல் இருந்தது. சிரிக்க வந்தது. சிரிப்பு வாயில் சரியாக வரவில்லை. உடம்பு முழுக்க அசதி, நல்ல அசதி, பரீட்சை முடிந்த அன்றைக்கு வருகிற மாதிரி. கண் சொக்கியது. மணி பத்தரை. செல்வன் சார் வருவதற்குள் செத்த நேரம் படுத்தால் என்ன?

மூலையில் இருந்த பாயை இழுத்து விரித்தாள். காலையில் இருந்த கனம் இப்போது இல்லை. ஆனால் சுவரோரப் பாதி இன்னும் நனைந்துதான் இருந்தது. காய்ந்த பாதியில் ஒருக்களித்துப் படுத்தாள். இமைகள் தாமாகவே இறங்கிக்கொண்டன.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. எச்சில் தொண்டையில் நின்றுகொண்டு உள்ளே போக மறுத்தது. விழுங்கிப் பார்த்தாள். முடியவில்லை. எழுந்து துப்பலாம் என்று கண்ணைத் திறந்தாள்.

கண் திறக்கவில்லை.

மறுபடி. திறக்கவில்லை.

கையை ஊன்ற நினைத்தாள். கை அங்கேயே கிடந்தது. வயிற்று வலி. மூக்கால் பேச்சு. கண்ணாடியில் தெரிந்த இடது இமை. இரண்டிரண்டான எழுத்துகள். தரையில் பாய்.

காலையில் கனத்த பாய்.

பரோட்டா இல்லை. சளி இல்லை. காலையிலிருந்து அத்தனையையும் அவளே தன் கையால் கேள்வியில் அடித்திருக்கிறாள். அத்தனையையும் அவளே அழித்திருக்கிறாள். வாயைத் திறந்து கத்தினாள். கத்தியது அவளுக்குள்ளே மட்டும் கேட்டது. இன்னும் நேரம் இருக்கிறது. மங்கலத்துக்குப் பதினொரு மணிவரை இருந்தது. யாராவது வந்து இமையைத் தூக்கிப் பார்த்தால் போதும். ஊசி இருக்கிறது. மூச்சுக்கு மெஷின் இருக்கிறது. இரண்டு நாளில் பிழைத்து எழுந்துவிடலாம். யாராவது.

வாசல் கேட் திறந்தது. ரப்பர் செருப்புச் சத்தம். சாம்பார் வாடை.

“டாக்டரம்மா, சாப்பாடு.”

கடவுளே. வந்துவிட்டார்.

“டாக்டரம்மா? தூங்கிட்டாங்களா?” கிட்டே வந்தார். இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார். “மூச்சு என்னமோ இழுக்குதே.”

இமையைத் தூக்கிப் பாருங்கள். சார். இமையை.

அவளுடைய போன் அடித்தது. அவர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“செந்தமிழ்செல்வன் பேசுறேம்மா. பாப்பா தூங்குறாங்க. கூப்ட்டாலும் அசையல, அதான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்.”

“நான்தான் தம்பி படுக்கச் சொன்னேன். வயித்த வலின்னா, ராவெல்லாம் தூங்கல போல. அவ எப்பவும் அப்படித்தான், அசந்துட்டான்னா இடி வுழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டா. எழுப்பாதீங்க, பாவம், தூங்கட்டும்.”

அம்மா. நீயா சொல்கிறாய். அம்மா.

போன் வைக்கப்பட்ட பிறகும் அவர் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தார். நல்ல மனுஷர், மனசு கேட்கவில்லை. “எதுக்கும் இதக் கேட்டுடுவோம்” என்று நாற்காலியை இழுப்பது கேட்டது. அவள் திறந்து வைத்துவிட்டு வந்த பக்கம் அப்படியே இருந்திருக்க வேண்டும். அவர் வாயால் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். “வயிறு வலி... ராத்திரி தூங்கல... இப்ப நல்லா தூங்குறாங்க... எழுப்பலாமா?”

தரையில் படுத்தாள் என்று சொல்லுங்கள். மூக்கால் பேசினாள் என்று சொல்லுங்கள். காலையில் அது கேட்டதே, இரண்டு தடவை கேட்டதே, இப்போதும் கேட்கும். கேள். கேள். கேள்.

“இவருக்கு ஓய்வு தேவை. தூங்கட்டும், எழுப்ப வேண்டாம்.” அவர் நிதானமாகப் படித்தார். பெருமூச்சு விட்டார். “இருநூத்தி எம்பத்தொன்னு எடுத்தவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

அவர் குனிந்தது தெரிந்தது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். “தூக்கத்துலயும் கண்ணுல தண்ணி வருது பாரு. என்னா கவலையோ.” லைட்டை அணைத்தார். ஜன்னலைச் சாத்தினார். சத்தம் வரக்கூடாதென்று கதவை மெல்ல, மிகவும் மெல்ல இழுத்து மூடினார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

மழை. மழை. நெஞ்சு ஒரு விரற்கடை ஏறி இறங்கியது. அடுத்த தடவை அரை விரற்கடை.

மெட்டிச் சத்தம்.

நின்று, ஓர் அடி. நின்று, ஓர் அடி. பாயின் அருகில் வந்து நின்றது. நனைந்த சேலையின் சொட்டு ஒன்று அவள் கன்னத்தில் விழுந்தது.

பிறகு ஒரு கட்டைவிரல். சில்லென்று, நாற்று பறித்துத் தடித்த தோலோடு, அவள் இடது கண் மேல் பட்டது. ஒரு டாக்டர் செய்வதுபோல் பதவிசாக இமையைத் தூக்கியது.

இருட்டில் ஒரு முகம் குனிந்திருந்தது. இரண்டு இமைகளும் முழுக்க இறங்கியிருந்தன. அந்த முகம் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, இமைகளின் அடியில் இருந்த மெல்லிய இடுக்கு வழியாக அவளைப் பார்த்தது. அவசரமே இல்லாமல் பார்த்தது. டியூட்டி முடிய நேரம் இருக்கிறவர்கள் பார்ப்பதுபோல் பார்த்தது.

“தூங்கட்டும்” என்றது, மூக்கால்.

கட்டைவிரல் விலகியது. இமை விழுந்தது. பாயின் ஈரமான பாதியில் மங்கலம் அவளைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்தாள்.